நாற்பத்தொரு மேற்படி

அந்தப் போதகரைச் சபையார் நேரில் ஐயா என்று அழைத்தார்கள். அவர் தெருமுனை திரும்பியதும் அட்டைப்பெட்டி என்றார்கள். செருப்பு வாங்கியபோது வந்த ஒரு பெட்டியில், குடும்பத்துக்கு ஓர் அட்டை என்று நூற்றுப்பன்னிரண்டு அட்டைகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். அன்றைக்குப் போகவேண்டிய வீட்டின் அட்டையை எடுத்து வேதாகமத்துக்குள் செருகிக்கொண்டு கிளம்புவார். நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீடும். முழங்கால் வலி வந்த பிறகும் அந்த முறை மாறவில்லை.

சபை சின்னது. போதகர்களை இடம் மாற்றும் மேலிடம் எதுவும் அதற்குக் கிடையாது. முப்பத்தைந்து வயதில் வந்தவர், முப்பத்தொரு வருடமாக அங்கேயே இருந்தார். அதற்குமுன் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். இரண்டு வருடம் வேதாகமக் கல்லூரியில் படித்தார். பிரசங்கம் செய்யவும் ஞானஸ்நானம் கொடுக்கவும் அங்கே கற்றுக்கொடுத்தார்கள். ஒரு வீட்டுக்குள் எப்போது நுழைவது, எப்போது எழுந்திருப்பது என்று யாரும் சொல்லித்தரவில்லை. அதை அவராகவே கற்றார், பெரும்பாலும் தப்பு செய்து.

பிள்ளை பிறந்த வீட்டுக்குப் பத்து நாள் கழியாமல் போகமாட்டார். வந்த புதிதில் ஒரு வீட்டுக்கு மூன்றாம் நாளே போய், விடியவிடிய அழுது அப்போதுதான் கண்ணயர்ந்த குழந்தையை ஜெபம் செய்து எழுப்பிவிட்டார். தாய் அழுதுவிட்டாள். குழந்தை யார் ஜாடை என்றும் சொல்லமாட்டார். "ஒரு தடவை சொல்லிட்டு, ரெண்டு சம்பந்திக்கும் ஆறு மாசம் பேச்சுவார்த்தை இல்லாமப் போச்சு" என்பார்.

புதுமணத் தம்பதியை மூன்றாம் மாதம்தான் பார்ப்பார். முதல் மாதத்தில் இருவருமே தேவதூதர்களாக இருப்பார்கள், போய்ப் பயனில்லை. காய்ந்த துணியை யார் மடிப்பது என்ற கேள்வி மூன்றாம் மாதம்தான் எழும். பதினாறு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசமாட்டார். வாசலில் நின்று, இருவரும் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பதுபோலப் பேசுவார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவரை முதல் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பார்ப்பார். அந்த நேரத்தில்தான் அந்த மனிதருக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது. சாவு விழுந்த வீட்டுக்கு, அடக்கத்துக்குப் போவதோடு, இருபதாம் நாளும் போவார். உறவினர்கள் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள், வாடகை நாற்காலிகள் திரும்பிப் போயிருக்கும். பழக்கத்தில் இரண்டு கோப்பைத் தேநீர் போட்டுவிட்டு விழித்து நிற்கிறவர்களுக்கு இரண்டாவது கோப்பையைக் குடிக்க ஓர் ஆள் வேண்டும் என்பது அவர் கண்டுபிடித்த விஷயங்களில் ஒன்று.

அட்டையின் அச்சுப் படிவம் முதல் போதகர் காலத்தது. மேலே குடும்பத் தலைவர், அதன் கீழ் மனைவி, பிறகு பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் எதிரே ஞானஸ்நானம், வளர்ந்தபின் சபையில் உறுதிப்படுத்தும் திடப்படுத்தல், விவாகம், அடக்கம் என்று நான்கு கட்டங்கள். பிள்ளைக்குக் கல்யாணம் ஆனால் அந்த வரியை அடித்துவிட்டுப் புது அட்டை போடுவார்கள். ஆகாதவர்கள் பெற்றோரின் அட்டையிலேயே இருப்பார்கள். அட்டையின் பின்பக்கம் வெற்றுக் கோடுகள். அங்கே ஒவ்வொரு சந்திப்பிலும் எதற்காக ஜெபித்தார் என்று தேதி போட்டு எழுதுவார். ஒரே விஷயம் திரும்ப வந்தால் ‘மேற்படி’ என்று போட்டுவிடுவார். அச்சகத்தில் பழகிய சிக்கனம்.

முப்பத்தெட்டாம் எண் அட்டை ஒரு தையற்காரரின் குடும்பம். தையற்காரர், அவர் மனைவி, இரண்டு பெண்கள். போதகர் சபைக்கு வந்தபோது மூத்தவளுக்கு ஏழு வயது. இளையவள் பிறந்தது அவர் வந்த பிறகு, ஞானஸ்நானம் பெற்றதும் அவர் கையில்தான். இப்போது மூத்தவளுக்கு முப்பத்தெட்டு, இளையவளுக்கு இருபத்தொன்பது.

மூத்தவள் ஒரு டென்டல் லேபில் வேலை பார்த்தாள். டாக்டர்கள் எடுத்தனுப்பும் வாய் அச்சைப் பார்த்துப் பல் செட்டு செய்கிற வேலை. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அவளைப் பல்லக்கா என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஆர்மோனியம் வாசிப்பதும் அவள்தான். இரண்டு வருடத்துக்கு முன் போதகருக்குப் பல் முழுக்கப் போனபோது, மேல் செட்டு, கீழ் செட்டு இரண்டையும் அவளே செய்தாள். "பிரசங்கம் என்னோடது, உச்சரிப்பு அவளோடது" என்று போதகர் சொல்லிக்கொள்வார்.

இளையவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக், அதே சபை. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் என்று சபையில் அறிவித்து, தடை உண்டா என்று கேட்க வேண்டும். இதை ஓலை படிப்பது என்பார்கள். முதல் ஞாயிறு போதகர் எழுதி வைத்த சீட்டை எடுக்கவில்லை. தெரிந்த குடும்பம், சீட்டு எதற்கு? முப்பத்தெட்டாம் எண் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளையின் பெயரைச் சொன்னார். தையற்காரரின் மகள் என்றார். மூத்தவளின் பெயரைச் சொன்னார்.

"இவர்கள் இருவரும் இணைவதற்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் இப்போதே சொல்லலாம்."

நாலாவது பெஞ்சில் மாப்பிள்ளை எழுந்து நின்றான்.

"ஐயா, எனக்கே தடை இருக்கு. நான் கட்டிக்கப்போறது அவங்க தங்கச்சியை."

நூறு பேரும் சிரித்தார்கள். அவன் நல்ல பையன். அவனுக்கு வேறு எப்படிச் சொல்வதென்றும் தெரியவில்லை. போதகரும் சிரித்தார். உடனே இளையவள் பெயரைச் சொல்லி ஒழுங்காக வாசித்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் முகத்தில் ஏறிய சூட்டை இறக்க அவருக்கு ஒரு வேடிக்கை தேவைப்பட்டது.

"பதினாலு வருஷமா அவங்க வீட்ல இந்தப் பேருக்குத்தான் மாப்பிள்ளை கேட்டு ஜெபம் பண்ணிக்கிட்டிருக்கேன். ஆண்டவர் கதவு மாத்தித் தட்டிட்டார் போலிருக்கு!"

இந்த முறை கூரை அதிர்ந்தது. ஆர்மோனியத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மூத்தவளும் சிரித்தாள். அடுத்த பாட்டை ஒரு சுரம் பிசகாமல் வாசித்தாள். ஆராதனை முடிந்ததும் ஆர்மோனியத்தை மூடினாள். அதன் சாவியைத் தன் வளையத்திலிருந்து கழற்றி மூடிமேல் வைத்தாள். பக்கவாசல் வழியாகப் போய்விட்டாள்.

போதகரின் மனைவி வீடு வரும்வரை பேசவில்லை. செருப்பைக் கழற்றியதும் ஆரம்பித்தார்.

"ஏங்க, உங்களுக்கு வாய் இருக்கறது சாப்பிட மட்டும்தானா, இல்ல ஊரைக் கூட்டறதுக்குமா?"

"பேரு மாறிப்போச்சு. மனுஷனுக்கு நாக்கு தவறாதா?"

"நாக்கு தவறினதைச் சொல்லலை. அப்புறம் ஒரு ஜோக்கு அடிச்சீங்களே. அந்தப் பொண்ணு முகத்தை நீங்க பாக்கலை. நான் பெண்கள் வரிசையில இருந்தேன், பாத்தேன்."

"அவளும் சிரிச்சாளே."

"ஆமா. சிரிச்சா."

திங்கட்கிழமை காலை ஆலய அலுவலக மேசையில் நாலாக மடித்த ஒரு தாள் கிடந்தது. மூத்தவள் வேறு சபையில் சேர்வதற்காகச் சபை மாற்றுக் கடிதம் கேட்டிருந்தாள். காரணம் என்ற இடத்தில் எதுவும் எழுதவில்லை. சபை விதி எளிமையானது. கேட்பவரைப் போதகர் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். அடுத்த ஞாயிறு கடிதத்தைக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். மறுக்க அவருக்கு உரிமை கிடையாது. முப்பத்தொரு வருடத்தில் வேலை மாற்றத்துக்காகவும் வீடு மாற்றத்துக்காகவும் பல கடிதங்கள் கொடுத்திருக்கிறார். தன்னால் ஒருவர் போவது இதுதான் முதல்முறை. கையில் ஆறு நாள் இருந்தது.

செவ்வாய்க்கிழமை தையற்காரர் வீட்டுக்குப் போனார். முன்னறையில் பாதி தையல் மெஷின், மீதி கல்யாணத் துணி. மூத்தவள் வேலைக்குப் போயிருந்தாள். மாற்றுக் கடிதம் பற்றி அவள் வீட்டில் சொல்லவில்லை என்பது நுழைந்த இரண்டு நிமிடத்தில் தெரிந்தது. அவரும் வாய் திறக்கவில்லை.

"வாய் தவறிப்போச்சு, விடுங்க ஐயா" என்றார் தையற்காரர், வாயில் குண்டூசியோடு. "சட்டைக்கு எடுத்த அளவைக் கால்சட்டைக்கு வெட்டினவன் நானு. இதெல்லாம் ஒரு தப்பா?"

அவர் மனைவி தேநீரை வைத்துவிட்டு அங்கேயே நின்றார். "ஐயா, சொன்னா சிரிக்கக் கூடாது. நீங்க அந்தப் பேரைச் சொன்னப்ப ஒரு நொடி எனக்கு உள்ளுக்குள்ள குளுந்துபோச்சு. தப்பா வாசிச்சதுன்னு தெரிஞ்சும்."

"அம்மா, நீங்க சும்மா இருங்க" என்றாள் இளையவள். பிறகு போதகரைப் பார்த்து, "அக்கா ஒண்ணும் சொல்லலை ஐயா. வழக்கம்போலத் துணி காயப்போட்டா. ராத்திரி என் புடவைக்கு ஓரம் அடிச்சுக் குடுத்தா. திட்டியிருந்தாக்கூட எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்" என்றாள்.

புறப்படும்போது தையற்காரர் மனைவி வழக்கம்போல முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு, "பெரியவளுக்காக ஒரு வார்த்தை ஜெபம் பண்ணிடுங்க ஐயா" என்றார். போதகர் கண்ணை மூடினார். வாய் தானாகவே அந்தப் பழைய வாக்கியத்தைத் தொடங்கப் போவது தெரிந்தது. நிறுத்திக்கொண்டு, எல்லாரையும் காத்தருளும் என்று மட்டும் சொல்லி எழுந்துவிட்டார்.

புதன்கிழமை முழுக்க அந்த அட்டையின் பின்பக்கத்தைப் படித்தார். இடம் போதாமல் தாள்கள் ஒட்டி, அது கைக்குட்டைபோல மடிந்து மடிந்து நீண்டிருந்தது. மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்தார். இரண்டாம் முறை பென்சிலால் புள்ளி வைத்து எண்ணினார். பிறகு அட்டையை வேதாகமத்துக்குள் செருகினார்.

வியாழக்கிழமை மதியம் ஒரு மணிக்கு டென்டல் லேபுக்குப் போனார். மருந்துக்கடைக்குப் பின்னால் நீளமான ஒற்றை அறை. ஜன்னலோரம் மூன்று மேசைகள், எல்லாவற்றின்மேலும் வெள்ளைத் தூசி. சுவர் அலமாரியில் எண் போட்ட பிளாஸ்டர் வாய்கள் வரிசையாகத் திறந்திருந்தன. மற்ற இரண்டு பேரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மூத்தவள் கடைசி மேசையில், சின்னக் கத்தியை விளக்குச் சுடரில் காட்டி, ரோஸ் நிற மெழுகில் ஒவ்வொரு பல்லாகப் பதித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க ஐயா. அந்த ஸ்டூல் வேண்டாம், அதுல மெழுகு இருக்கு."

அவர் வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்திருந்த பேச்சை ஆரம்பித்தார். "அம்மா, ஞாயித்துக்கிழமை சபையில நான்..."

"இருங்க. ‘சபை’ங்கும்போது விசில் வருது. கீழ் செட்டு ஆடுதா?"

"அது கெடக்கட்டும்மா. நான் வந்தது..."

"ஈறுல புண்ணு இருக்கா?"

"லேசா."

"எத்தனை நாளா?"

"ஒரு ஆறு மாசம் இருக்கும்."

"ஆறு மாசமா வலியோட பிரசங்கம் பண்றீங்க. நான் பத்தடி தள்ளி உக்காந்திருக்கேன். எங்கிட்ட சொல்லணும்னு உங்களுக்குத் தோணலை." கையை நீட்டினாள். "கழட்டுங்க. மேலயும்."

முறைப்படி டாக்டர்தான் வாயைப் பார்க்க வேண்டும். அதை அவளும் சொன்னாள். புண் ஆறாவிட்டால் நாளைக்கே டாக்டரிடம் போகவேண்டும் என்றாள். இப்போதைக்கு உறுத்தும் ஓரத்தை மட்டும் தேய்த்துத் தருவதாகச் சொல்லி, இரண்டு செட்டுகளையும் குழாயில் கழுவினாள். போதகர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். பல் இல்லாமல் அவர் மனைவிகூட அவரைப் பார்த்ததில்லை.

அவள் மோட்டாரைப் போட்டாள். ஓரத்தைத் தேய்த்தாள். நிறுத்தினாள்.

"தப்பா வாசிச்சதுக்காக நான் லெட்டர் எழுதலை ஐயா. அது எனக்கும் சிரிப்பாத்தான் இருந்தது."

மோட்டார் ஓடியது. நின்றது.

"எங்க வீட்டு ஹால்ல கதவைச் சாத்திக்கிட்டுப் பண்ணின ஜெபத்தை நூறு பேர்கிட்ட சொன்னீங்க. அதுக்குத்தான். நாளைக்கு வேற யாரோ ஒருத்தர் வீட்டு விஷயத்தையும் நீங்க சிரிப்புக்குச் சொல்ல மாட்டீங்கன்னு எப்படி நம்பறது? சபை ஜனம் பாதிப் பேர் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு வீட்டுக்குப் போனாங்க."

போதகர் கைக்குட்டைக்குள்ளிருந்து ஏதோ சொன்னார். அது வார்த்தையாக வரவில்லை. அவள் மறுபடி மோட்டாரைப் போட்டு, கீழ் செட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் தேய்த்தாள்.

"இன்னொண்ணு. அந்த ஜெபத்தை நான் ஒரு நாளும் கேக்கலை. அம்மா கேப்பாங்க, நீங்க கண்ணை மூடிப்பீங்க. நான் மூட மாட்டேன். பதினாலு வருஷமா உங்க மூடின கண்ணைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். ஒரு தடவை தொறந்து, உனக்கு என்னம்மா வேணும்னு கேட்டிருக்கலாம்."

அவள் வலது சட்டைக்கையை மேலே தள்ளினாள். மணிக்கட்டில் ஒரு தடித்த பட்டை சுற்றியிருந்தது.

"மூணு வருஷமாச்சு. காலையில எந்திரிச்சா மூணு விரல் மரத்துக் கெடக்கு. இந்தக் கை போச்சுன்னா இந்த மேசை போச்சு. ஆர்மோனியமும் போச்சு. வீட்ல தெரியாது. கல்யாணம் முடிஞ்சதும் இந்த மருந்துக்கடைக்கு மேல ஒரு ரூம் எடுத்துத் தனியா இருக்கப்போறேன், அதுவும் வீட்ல தெரியாது. இப்ப உங்களுக்கு ரெண்டும் தெரியும். ஞாயித்துக்கிழமை வாசிச்சுடாதீங்க."

செட்டுகளைக் கழுவி, துடைத்து, ஒரு கிண்ணத்தில் வைத்து அவர் பக்கம் தள்ளினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் மாட்டிக்கொண்டதும், "கடிச்சுப் பாருங்க" என்றாள். கடித்தார். "உறுத்துதா?" இல்லை என்று தலையசைத்தார். "இப்ப சொல்லுங்க."

போதகர் வேதாகமத்தைத் திறந்து முப்பத்தெட்டாம் எண் அட்டையை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"பின்பக்கம் படிம்மா. உன்னைப் பத்தி எழுதினதை மட்டும்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு மடிப்பைப் பிரித்தாள்.

‘மூத்த மகள். ஏழு வயது. முன்பல் ஆடுகிறது. எனக்கு ஆட்டிக் காட்டினாள்.’

‘பதினான்கு. திடப்படுத்தல் வகுப்பு. பரலோகத்தில் பல் வலிக்குமா என்று கேட்டாள். தெரியாது என்றேன்.’

‘இருபத்திரண்டு. லேபில் வேலை. முதன்முதலாகச் செய்த செட்டு சரியாகப் பொருந்தியதாம். அதற்கு நன்றி.’

‘இருபத்துநான்கு. மூத்தவளின் திருமணத்துக்காக.’

அதற்குக் கீழே மேற்படி. அதற்குக் கீழே மேற்படி. அவள் மடிப்பு மடிப்பாகப் பிரித்துக்கொண்டே போனாள்.

"எண்ணினீங்களா?" என்றாள்.

"எண்ணினேன். நாப்பத்தொண்ணு."

"இருபத்துநாலு வயசோட செத்துப்போன மாதிரி இருக்கேன் இதுல."

"ஆமாம்மா" என்றார் போதகர்.

அவள் பழைய மடிப்பிலேயே அட்டையை மடித்துக் கொடுத்தாள்.

"நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

"அங்க சொன்னதை அங்கயே திருப்பி எடுத்துக்கங்க. என் பேரைச் சொல்லாம. உருகி உருகி மன்னிப்புப் பிரசங்கம் வேண்டாம். ரெண்டு வாக்கியம் போதும்."

"எடுத்துக்கிட்டா அந்த லெட்டரை..."

"அது வேற, இது வேற. லெட்டர் எனக்கு ஞாயித்துக்கிழமை வேணும், கையெழுத்தோட. பேரம் பேசாதீங்க ஐயா."

மற்ற இரண்டு பேரும் சாப்பிட்டுத் திரும்பினார்கள். அவள் கத்தியைச் சுடரில் காட்டினாள். அவர் எழுந்தார்.

வெள்ளியும் சனியும் போதகர் வழக்கமான வீடுகளுக்குப் போனார். இருபதாம் நாள் போகவேண்டிய ஒரு வீட்டில், கணவரை இழந்த மூதாட்டி தேநீரைக் கொடுத்துவிட்டு, "ஐயா, நான் சொல்றது எதையும் எழுதிக்காதீங்க" என்றார். மூத்தவள் சொன்னது சரிதான் என்று அவருக்கு அங்கே தெரிந்தது. பேனாவைச் சட்டைப்பையிலேயே விட்டுவிட்டார்.

ஞாயிறு வந்தது. ஆர்மோனியத்தின்மேல் சாவி அப்படியே கிடந்தது. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் தைரியமாகப் பாட்டைத் தொடங்கினார். தொடங்கிய சுருதி எவ்வளவு மேலே என்றால், இரண்டாம் அடியில் ஆண்கள் விட்டுவிட்டார்கள், மூன்றாம் அடியில் பெண்கள் விட்டுவிட்டார்கள், நாலாம் அடியைத் தலைமை ஆசிரியரும் இரண்டு குழந்தைகளும் முடித்தார்கள். போதகர் கடைசி பெஞ்சைப் பார்த்தார். கதவோரம், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மூத்தவள் உட்கார்ந்திருந்தாள். கடிதத்தை வாங்கிக்கொண்டு போகவே வந்தவள்போல.

ஓலையைச் சீட்டைப் பார்த்துப் படித்தார், ஒவ்வொரு எழுத்தாக. தடை உண்டா என்று கேட்டார். மாப்பிள்ளை தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு போதகர் சீட்டை மடித்தார்.

"போன வாரம் இந்த இடத்துல நின்னு, ஒரு வீட்டுக்குள்ள பண்ணின ஜெபத்தை உங்களைச் சிரிக்க வைக்கறதுக்காகச் சொன்னேன். அது என்னோடதில்ல, சொல்ல எனக்கு உரிமையில்ல, திருப்பி எடுத்துக்கறேன். உங்க வீடுகள்ல நீங்க எங்கிட்ட சொன்னது இனிமே அந்த வீட்டு வாசலைத் தாண்டாது."

மூன்றாவது பெஞ்சில் அந்த மூதாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தையற்காரரின் மனைவி திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்க்க முயன்றார். இளையவள் அவர் முழங்கையைப் பிடித்து முன்னால் திருப்பினாள். போதகர் அறிவிப்புகளில் அடுத்ததைப் படித்தார். தண்ணீர்த் தொட்டி கழுவ ஆட்கள் தேவை.

ஆராதனை முடிந்து கூட்டம் வாசலில் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் கடிதத்தை உறையில் கொண்டுவந்து கொடுத்தார். அவள் அங்கேயே நின்று படித்தாள். கையெழுத்து இருந்தது. முத்திரை இருந்தது.

"தேதி போடலை."

"நீ போற அன்னைக்கு நீயே போட்டுக்கம்மா. இன்னைக்குன்னா என் பேனா இருக்கு."

அவர் பேனாவை நீட்டினார். அவள் பேனாவைப் பார்த்தாள். கடிதத்தைப் பார்த்தாள்.

"மூணு வாக்கியம் பேசினீங்க" என்றாள்.

"ஆமாம்மா."

"ரெண்டுன்னு சொன்னேன்."

"மூணாவது எனக்காகச் சொல்லிக்கிட்டது."

அவள் கடிதத்தை உறையில் போட்டு, உறையைக் கைப்பையில் வைத்து மூடினாள். பேனாவை வாங்கவில்லை. ஆலயத்துக்குள் திரும்பி நடந்தாள். ஆர்மோனியத்தின்மேல் கிடந்த சாவியை எடுத்துத் தன் வளையத்தில் கோத்தாள்.

"தங்கச்சி கல்யாணத்துல தலைமை ஆசிரியரைத் தொடங்க விடாதீங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எந்திரிச்சுப் போயிடுவாங்க" என்றாள்.

கல்யாணத்துக்கு அவள்தான் வாசித்தாள். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் வலது கையை மடியில் வைத்து இடது கையால் பிடித்துக்கொண்டதை இரண்டு பேர் கவனித்தார்கள். ஒருவர் போதகர். இன்னொருவர் அவள் தாய். தாய் கேட்கவும், அன்று மாலையே அவள் வீட்டில் சொல்லிவிட்டாள், மாடி அறை விஷயத்தையும் சேர்த்து. தையற்காரர் ஜன்னலுக்குத் திரை தைத்துக் கொடுத்தார். தாய் மட்டும், கல்யாணமாகாத பெண்ணுக்குத் தனி வீடு என்ன வீடு என்று சொல்லி, படியேற மறுத்துவிட்டார்.

அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை மாலை ஐந்தரை மணிக்குப் போதகர் மருந்துக்கடைக்கு மேலே ஏறினார். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு ஸ்டூல். அடுப்புமேடை ஒருவர் நிற்கும் அகலம். புது அட்டையை வெளியே எடுத்தார். நூற்றுப்பதினான்கு. நூற்றுப்பதிமூன்று அவள் தங்கையின் புதுக் குடும்பத்துக்குப் போயிருந்தது. குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அவள் பெயரை எழுதினார். மனைவி என்ற இடத்தில் கோடு இழுக்கப் போனார்.

"கோடு போடாதீங்க. ஆள் வரலைங்கற மாதிரி இருக்கும்" என்றாள்.

"சரி, என்ன போட?"

"அந்த வார்த்தையை அடிச்சுட்டு, வேலைன்னு எழுதுங்க."

அச்சான வார்த்தையை அடிப்பது பழைய அச்சகத்துக்காரருக்குச் சுலபமில்லை. அளவுகோல் கேட்டார். அவள் பிளாஸ்டர் குழைக்கும் ஒரு தட்டைக் கரண்டியைக் கொடுத்தாள். நேராக அடித்து, வேலை என்று எழுதி, பல் செட்டு செய்பவர் என்று எழுதினார்.

"எதுக்காக ஜெபம் பண்ணணும்?"

"கைக்கு. அப்புறம், அம்மா ஒரு தடவை படியேறி வந்து பாக்கணும்."

அவர் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டே ஜெபித்தார். பழக்கமில்லாததால் இரண்டு இடத்தில் தடுமாறினார். நாலு வாக்கியத்தில் முடித்துவிட்டார். புறப்படும்போது அவள் கேட்டாள். "கீழ் செட்டு?" "பரவால்லம்மா." "பரவால்லன்னா?" "ஆடலை, வலிக்கலை." "அப்படிச் சொல்லுங்க."

நான்கு மாதம் கழித்து அடுத்த முறை வந்தபோது அறையில் இரண்டாவது நாற்காலி இருந்தது. எதற்காக ஜெபிக்க என்று கேட்டார். போன தடவை மாதிரிதான் என்றாள். போதகர் ஸ்டூலில் அட்டையை வைத்து, தேதி போட்டு, ‘மேற்’ என்று எழுதினார். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதியதை அடித்தார்.

"கை எப்படி இருக்கு? முழுசா சொல்லு."

அவள் சொன்னாள். அவர் எழுதினார். ‘வலது மணிக்கட்டு. காலையில் மரத்துப்போவது இப்போது இரண்டு விரல்தான். டாக்டர் தினமும் செய்யப் பயிற்சி கொடுத்திருக்கிறார். மெழுகுக் கத்தியை இடது கையால் பிடிக்கப் பழகுகிறாள், கோணலாக வருகிறதாம். தாயார் இரண்டு முறை படியேறி வந்தார். நாற்காலி அவர் கொண்டுவந்தது. அடுப்பு வைத்த இடம் சரியில்லை என்றார்.’

இடம் போதவில்லை. ஓரத்தில் ஏற்றி எழுதி முடித்தார்.

சபை மாற்றுக் கடிதம் இன்னும் அவள் கைப்பையில்தான் இருக்கிறது. தேதி போடவில்லை.